அத்தையின் கால்நாடி குழாய்க்குள் போன கதை

சிரிக்கிற கதை ஒன்று சொல்கிறேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற கதை, ஆனால் சிரிப்பு உடனே வராது, எங்கள் மேட்டுத்தெருவுக்கு எட்டு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வருகிற மாதிரி அது வருகிறபோதுதான் வரும், அதுவரைக்கும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருங்கள். முதலில் என் அத்தையின் இடது காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அத்தை பெயர் முத்துராக்கு. அப்பாவுக்கு அக்கா. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள், என்னை அத்தையிடம் விட்டிருந்தார்கள். அத்தை எங்கள் கல்மடை ஊரின் பெரிய ஜவுளிக்கடையில், மூன்றாம் மாடி சேலைப் பிரிவில், இருபத்திரண்டு வருஷமாக நின்றாள். வேலை பார்த்தாள் என்று சொல்ல வேண்டும், ஆனால் நின்றாள் என்பதுதான் சரி, ஏனென்றால் அந்தக் கடையில் சேலை பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலி உண்டு, அவர்கள் பிள்ளைகளுக்கு மர யானை உண்டு, காட்டுகிறவர்களுக்கு மட்டும் உட்கார ஒரு முக்காலி கிடையாது, காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு கடை அடைக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருக்க வேண்டும், லிஃப்ட்கூட வாடிக்கையாளர்களுக்குத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த இடது கால் வலிக்க ஆரம்பித்தது. நடந்தால் கெண்டைக்காலைப் பிடித்து யாரோ துணி பிழிகிற மாதிரி வலிக்கும், நின்றால் கொஞ்சம் விடும், தொங்கப்போட்டால் கத்திரிக்காய் நிறமாகும், தொட்டால் நுங்கு மாதிரி சில்லென்று இருக்கும். அத்தை போகாத இடம் இல்லை. எலும்பு டாக்டர் முட்டி தேய்ந்திருக்கிறது என்றார், நரம்பு டாக்டர் வலி இடுப்பிலிருந்து வருகிறது என்றார், எண்ணெய்க் கட்டு போடுகிறவர் வாயு என்றார், ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் எல்லாம் நார்மல் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தக் காகிதங்களைக் கடையின் துணிப்பையிலேயே போட்டு வைத்திருந்தாள். "எல்லாம் நார்மல்னா அப்ப வலிக்கிறது யாருக்குடி?" என்று என்னிடம் கேட்பாள். நான் உடனே எலும்பு டாக்டர் குரலில், மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, "வயசாகுதும்மா" என்பேன். வலியோடு சிரிப்பாள். எனக்கு எல்லார் குரலும் வரும். பக்கத்து வீட்டு ஜெயக்கொடி அக்கா குரல், ரொட்டி வண்டியில் பதிவு செய்து ஓடுகிற குரல், தண்ணீர் திறந்துவிடுகிற பிட்டர் அந்தோணிராஜ் குரல். ஒருதரம் பிட்டர் மாதிரி, "மேட்டுத்தெரு, வால்வு திறந்தாச்சு," என்று சொல்லி நட்ட நடு மத்தியானத்தில் தெருவையே குடத்தோடு ஓடி வரவைத்தேன்.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த ஒரு சின்ன வயசு டாக்டரம்மா அத்தையின் பாதத்தில் பசை தடவி, பேனா மாதிரி ஒன்றை வைத்து, காது கொடுத்துக் கேட்டாள். மேலே வைத்தாள், கீழே வைத்தாள், கணுக்காலுக்குப் பின்னால் வைத்தாள். பிறகு சொன்னாள், "இந்தப் பாதத்துல நாடியே கேக்கலம்மா." ரத்தக் குழாய் எங்கோ அடைத்திருக்கலாம், மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் எங்கே என்று பார்க்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள், காலே போய்விடும் என்று சொல்லிச் சீட்டு எழுதித் தேதியும் வாங்கிக் கொடுத்தாள்.

"நாடி இல்லையாம்டி ரோஷிணி," என்று வந்து உட்கார்ந்தாள் அத்தை.

"எங்க போச்சாம்?"

"அதைத்தான் அந்தப் பொண்ணும் கேக்குது."

மறுநாள் தண்ணீர் நாள். குடங்கள் வரிசையில் இருந்தன, தண்ணீர் இன்னும் வரவில்லை, ஆனால் எங்கள் வீட்டு வாசலில் இருக்கிற நாலாம் குழாய் துடித்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு முன்னால் காற்று வருமே, அந்தக் கரகரப்பு இல்லை. ஒன்றுபோல, விட்டுவிட்டு, பூனைக்குட்டியின் வயிற்றைத் தொட்ட மாதிரி. ஜெயக்கொடி அக்கா கை வைத்துப் பார்த்தாள், காதை வைத்துப் பார்த்தாள், வரிசையில் நின்ற எல்லாரும் முறை வைத்துக் காதை வைத்துப் பார்த்தார்கள். பிட்டருக்கு ஆள் போனது. அந்தோணிராஜ் வந்தார். உலகத்தில் எந்தக் கோளாறு என்றாலும் "உள்ள ஏர் நிக்குது" என்கிறவர் அவர். வால்வை அடைத்தார், திறந்தார், ஸ்பேனரால் தட்டினார், துடிப்பு மாறவில்லை. அந்த நேரம் அத்தை காலை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசல் படி இறங்கியதும் குழாய் வேகமாக அடித்தது, நின்றதும் மெதுவானது. பிட்டர் ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றார். காதிலிருந்த பேனாவை எடுத்துத் தன் நோட்டில், மேட்டுத்தெரு நாலாம் குழாய், கசிவு இல்லை, நாடி இருக்கிறது என்று எழுதி, இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த தெருவுக்கு வால்வு திறக்கப் போய்விட்டார்.

அதன் பிறகு தெரு அதற்கு ஏற்றமாதிரி நடந்துகொண்டது. குடத்தை யாரும் அந்தக் குழாயில் இடிப்பதில்லை. சித்திரை வெயிலில் இரும்பு சுடுமே என்று ஜெயக்கொடி அக்கா தன் பழைய நூல் சேலையைக் கிழித்துச் சுற்றிவிட்டாள். தூங்காத கைப்பிள்ளையைக் கொண்டுவந்து அதில் சாய்த்து உட்கார்ந்தால் பிள்ளை தூங்கியது, அதனால் சாயங்காலங்களில் தாய்மார்கள் அங்கே இடம் பிடித்தார்கள். அத்தை கடைக்குப் போன பிறகும் அது அத்தையோடேயே அடித்தது, காலையில் மூன்று மாடி ஏறுகிறபோது குதித்தது, மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்கிறபோது ஓய்ந்தது, சில நாள் நாலு மணிக்கு இரும்பே அதிர்கிற மாதிரி அடித்தது, அப்போது பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தை மடியிலிருந்து இறக்கிவிட்டு, "மேனேசர் ஏதோ சொல்லிட்டான்," என்று அவனை அங்கே உட்கார்ந்தபடியே திட்டினார்கள். இருபத்திரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததையெல்லாம் அத்தை இப்போது சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

"மதினி, மேனேசர் திட்டுறது எங்களுக்குப் புரியுது," என்று ஜெயக்கொடி அக்கா ஒருநாள் கேட்டாள். "புதன்கிழமை பதினோரு மணிக்கு மட்டும் எதுக்கு அது அந்தத் துள்ளுத் துள்ளுது?"

"சரக்கு வரும். தூக்கி வைக்கணும்."

"சரக்கு மட்டுந்தான் வருதா, கொண்டுவர்றவரும் வர்றாரா?"

அத்தை அவள் மீது தண்ணீரை வாரி இறைத்துவிட்டு உள்ளே போனாள். குழாய் வெகு நேரத்துக்குத் துள்ளிக்கொண்டே இருந்தது.

இவ்வளவும் இருந்தும் கால் வலித்தது. செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. தெரு அடங்கின மத்தியானத்தில் அவள் குழாயடிக்குப் போய், சேலை சுற்றியிருந்த இடத்தில் காதை வைத்து உட்கார்ந்துகொள்வாள். ஒரு செவ்வாய்க்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு அவள் பேச்சு கேட்டது. தெருவிலிருந்து அல்ல, என் காலடியிலிருந்து. முன்பு மாடியில் தொட்டி இருந்தபோது போட்ட பழைய குழாய் ஒன்று அந்த நாலாம் குழாயிலிருந்து சுவரோடு ஏறி வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது, அதன் வழியாகக் கேட்டது. "ஏன் போன? உன்னை நான் என்ன செஞ்சேன்? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" யாரோ கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு காலுக்குக் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அத்தையின் கரகரப்பில் பாதி, கடையில் மைக்கில் தள்ளுபடி அறிவிக்கிறவரின் இழுப்பில் பாதி, அடியில் கொஞ்சம் ஈரம். குனிந்து குழாய் வாயில் உதட்டை வைத்துச் சொன்னேன், "ஏ முத்துராக்கு."

பிறகு மிகவும் மெதுவாக, "சொல்லு," என்றாள். என்ன நீயா, யார் நீ என்று எதுவும் கேட்கவில்லை. வெகு நாளாகக் காத்திருந்தவள் மாதிரி, சொல்லு என்றாள்.

"எனக்குச் சேமியா பாயசம் வேணும்."

அன்று சாயங்காலம் வீட்டில் பாயசம். ஒரு டம்ளர் குழாய்க்கு, மீதி எனக்கு. அடுத்த செவ்வாய், காலுக்குப் பவுடர் போடச் சொன்னேன், போட்டாள். அதற்கடுத்த செவ்வாய் அவள், "திரும்பி வர நான் என்ன செய்யணும்னு சொல்லு, எதுன்னாலும் செய்றேன்," என்று கேட்க, எனக்கு உதட்டில் சிரிப்பு முட்டிக்கொண்டு நிற்க, "நீ முன்னாடியே நடந்து நடந்துதான் நான் தொலைஞ்சேன், இனிமே பின்னாடி நட, வழியில என்னைக் கண்டுபிடிச்சுக்கலாம்," என்றேன்.

இப்போது சிரிப்பு வருகிறது, வாங்கிக்கொள்ளுங்கள். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் அத்தை முத்துராக்கு, கடையின் மெரூன் நிறச் சீருடைச் சேலையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, வீட்டைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் கடைக்கு நடந்தாள். ஜெயக்கொடி அக்கா கூடவே போய், கண்டக்டர் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி, "வரலாம் வரலாம், மதினி லெஃப்டுல ஒடிங்க, சாக்கடை, சாக்கடை, ரைட் போகலாம்," என்று சொல்லிக்கொண்டே போனாள். என்ன சங்கதி என்று கேட்டவர்களுக்கெல்லாம் அத்தை மறைக்காமல் சொன்னாள், கால் பேசுகிறது, அது சொல்லித்தான் நடக்கிறேன் என்று. யாரும் சந்தேகப்படவில்லை. துடிக்கிற குழாய் பேசினால் என்ன. அடுத்த வாரம் சேலைப் பிரிவிலிருந்து கால் வலிக்கிற ஆறு பெண்களும் அதேமாதிரி பின்னால் நடந்து வந்தார்கள், நாள் முழுக்க அடுப்பு முன்னால் நிற்கிற பரோட்டா மாஸ்டர் வந்தார், கூட்டுரோட்டில் நிற்கிற போக்குவரத்துக் காவலர் வந்தார், பதினைந்தாம் நாள் இருபது முப்பது பேர் கடைத்தெருவில் முதுகைக் காட்டிக்கொண்டு போனார்கள். கடைத்தெருவும் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டார், மினி பஸ்காரர்கள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போனார்கள், எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்ல வேண்டுமானால் தாண்டிப் போய்த் திரும்பி நின்று சொன்னார்கள். பரோட்டா மாஸ்டர் ஒருநாள் தள்ளுவண்டி மேல் மோதி வாழைத்தார் மேலேயே உட்கார்ந்துவிட்டார், பல வருஷத்துக்குப் பிறகு வேலை நேரத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் என்று சொல்லி எழுந்திருக்க மறுத்தார். நான் மாடியில் உருண்டு உருண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

செவ்வாய் மத்தியானங்களில் அவர்களும் குழாயடிக்கு வந்தார்கள். நான் எல்லாருக்கும் பதில் சொன்னேன். ஒரு பெண், என்னைவிட இரண்டு வயசு மூத்தவளாக இருப்பாள், கடையில் சேர்ந்து ஐந்து மாதம்தானாம், "எனக்கும் இப்பவே வீங்குதுங்க. எனக்கும் போயிருங்களா?" என்று குழாயை வாங்க போங்க என்று மரியாதையாகக் கேட்டாள். நான் அவளைக் கடைக்கு நொண்டியடித்துக்கொண்டு போகச் சொன்னேன். போனாள். அன்று எனக்குச் சிரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. ஆனாலும் வந்தது.

மதுரைத் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. அத்தை தனியாக வந்து உட்கார்ந்தாள். "வெள்ளிக்கிழமை போகச் சொல்லிருக்காங்க. படம் எடுத்துப் பாப்பாங்களாம். போகவா?"

பதில் யோசிக்கவே இல்லை நான். போனால் யாரோ ஒரு டாக்டர் அடைப்பை எடுத்துவிடுவார், நாடி அத்தையிடம் திரும்பிப் போகும், குழாய் வெறும் குழாயாகிவிடும், எனக்கு யாரும் சொல்லு என்று சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு நொடியில் இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. தெரிந்தே சொன்னேன், இருக்கிறதிலேயே நல்ல குரலில், ஈரத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி, "போகாத முத்துராக்கு. அங்க போனா நான் வரவே மாட்டேன்."

"சரி," என்றாள் அத்தை.

சீட்டை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். வெள்ளிக்கிழமை பின்னால் நடந்து கடைக்குப் போனாள்.

ஆடி பிறக்கிறபோது கட்டைவிரலில் ஒரு புண். செருப்புக் கடித்தது என்றாள். அது ஆறவில்லை, விளிம்பு கறுத்தது, கறுப்பு நகத்தைத் தாண்டியது. கடைக்குப் போகிறபோது மல்லிகைப்பூவைக் கூடுதலாக வைத்துக்கொண்டாள், எதற்கென்று எனக்குத் தெரியும், ஒரே அறையில்தானே படுக்கிறோம். இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டு உட்கார்ந்தே இருந்தாள். கடையில் தள்ளுபடிக் கூட்டம், செவ்வாய் தவிர விடுப்புக் கிடையாது. குழாயில் துடிப்பு தேய்ந்தது. ஜெயக்கொடி அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை வைத்தால்தான் கேட்டது. சாய்த்து உட்கார்ந்தும் பிள்ளைகள் தூங்கவில்லை. பின்னால் நடந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் நடக்க ஆரம்பித்தார்கள், யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்தோணிராஜ் ஒருநாள் வந்து கை வைத்துப் பார்த்து, நோட்டில் குறைவாக இருக்கிறது என்று எழுதினார், சாட்சிக் கையெழுத்துக் கேட்காமல் போனார்.

நான் அத்தையிடம் சொன்னேன். "அத்தை, மதுரைக்குப் போயிருவோம். கறுத்துக்கிட்டே வருது."

"அது வேண்டாங்குதுடி."

"அது சொல்றதை நம்பாதீங்கத்தை."

"நீ சொல்றதை நம்பவா? உன் வாயில பத்துப் பேரு இருக்கானுங்க. அதுக்கு நான் ஒருத்திதான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். புண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டே சொன்னாள். நான்தான் அத்தை அது என்று சொல்ல அந்த இடத்தில் மூன்று சொல் போதும். அவள் துணியைச் சுற்றி முடிக்கிற வரைக்கும் நேரம் இருந்தது. நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

வழி ஒன்றே ஒன்றுதான் மிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போகாதே என்று சொன்ன குரலே போ என்றும் சொல்லட்டும், அத்தை போய்விடுவாள், கால் பிழைக்கும், எனக்கும் ஒன்றும் ஆகாது. அடுத்த செவ்வாய் மத்தியானம் அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குழாயடிக்குப் போய் உட்காருகிற சத்தம் வரைக்கும் காத்திருந்துவிட்டுக் குனிந்தேன்.

"முத்துராக்கு. மதுரைக்குப் போ. இன்னைக்கே போ."

"அன்னைக்கு வேண்டாம்னு நீதான் சொன்ன."

"இப்ப நான்தான் சொல்றேன். போ."

"அப்ப நான் போயிருந்தா நல்லாயிருந்திருக்குமா?"

இரும்பில் வெயில் ஏறிக்கிடந்தது, உதடு சுட்டது.

"சொல்லு," என்றாள். "உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும். அந்தப் பொண்ணு சொன்னா, தள்ளிப்போட்டா காலே போயிரும்னு. நீ சொன்னியேன்னுதான் இருந்தேன். வலி பொறுத்துக்கிட்டேன், நாத்தம் பொறுத்துக்கிட்டேன். எனக்கு இப்பப் பயமா இருக்கு. உன்னை வெட்டி எடுத்துருவாங்களா?"

நான் குரலைத் தேடினேன். அத்தையின் கரகரப்பு வந்தது, மைக்குக்காரரின் இழுப்பு வரவில்லை, எலும்பு டாக்டர் வரவில்லை, பிட்டர் வரவில்லை, ஒருத்தரும் வரவில்லை. மூக்கிலிருந்து ஒழுகியது. வாயைத் திறந்தேன்.

"வெட்ட மாட்டாங்கத்தை. போங்கத்தை, தயவுசெஞ்சு போங்க."

ஒரு ரொட்டி வண்டி தெருமுனையில் கூவிக்கொண்டு வந்து, கூவிக்கொண்டே தாண்டிப் போயிற்று. தன் கால் தன்னை அத்தை என்று கூப்பிட்டதை அவள் உள்ளே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். பாயசத்தை, பவுடரை, கடைத்தெருவை, அரிசி டப்பாவை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருப்பாள். எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. குழாய் வாயிலேயே கன்னத்தை வைத்துக் கிடந்தேன்.

"அப்ப," என்றாள் கடைசியில், கோபமே இல்லாமல், "என் காலு எங்கிட்ட ஒண்ணுமே பேசலையாடி?"

"இல்லத்தை."

"ஒரு வார்த்தைகூட?"

"இல்லத்தை."

சுவரைப் பிடித்து அவள் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. பாதி எழுந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி எழுந்தாள். பிறகு பேசினது குழாய் வழியாக வரவில்லை, தெருவிலிருந்து நேராக மேலே வந்தது.

"ஜெயக்கொடியக் கூப்பிடு. மதுரைக்கு அவ வரட்டும், நீ வேண்டாம். அந்தக் குழாயில இருந்து வாயை எடுத்துட்டு, எந்திரிச்சு நின்னு, தெருவுக்கே கேக்குற மாதிரி உன் குரல்ல கூப்பிடு."